பலகையில் ஏறும் பாட்டு வரி

கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் பெயர்ப்பலகை, பனர், கலியாணக் கார்ட், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் சின்னப் புத்தகம்) எல்லாம் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று தொடங்கியிருக்கிறீர்கள். வருகிறவர்கள் "நல்ல குறள் ஒண்டு போடுங்கோ", "பாரதியார்ர வரி ஏதும் போடுங்கோ" என்கிறார்கள். எதை எங்கே போடுவது, எப்படிப் போடுவது, எங்கே பிழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். பாட்டு வரி ஒன்றைப் பிடுங்கிப் பலகையில் நட்டால் அதன் வேரோடு ஒட்டிய மண்ணும் கூடவே வரும். பலகையில் நீங்கள் போடுவது நாலு சொல். வாசிக்கிறவர் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியதையும், கூத்தில் கேட்டதையும், பாட்டில் கேட்டதையும் சேர்த்து மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். அதனால் வரி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வன்னியில் கூடுதலாக வரும் வேலை பசளைக்கடையும் விதைநெல் கடையும்தான், ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம். திருக்குறளில் 104ஆவது அதிகாரம் உழவு, 1031 முதல் 1040 வரை பத்துக் குறள். ஆட்கள் கேட்பது பெரும்பாலும் முதலாவது:

சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம் அதனால்
உழந்தும் உழவே தலை.

இது எந்த விவசாயக் கடைக்கும் பொருந்தும். ஆனால் "எரு" என்ற சொல் வருகிறதே என்று 1037ஐப் பசளைக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். "தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்" என்பது அந்தக் குறள். ஒரு பலம் மண் கால் பலம் ஆகும்வரை உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் போடாமலே பயிர் செழிக்கும் என்பது பொருள். பசளை விற்கிறவரின் வாசலில் பசளை வேண்டாம் என்று எழுதுவதாகிவிடும். அதோடு 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது வயலில் என்ன நடந்தது என்று இங்குள்ள கமக்காரர் எவரும் மறக்கவில்லை. அவர்களுக்கு அந்த வரி வேறு கணக்கில் படும். பசளைக்கடைக்குச் சரியானது அடுத்த குறள், 1038:

ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின்
நீரினும் நன்றதன் காப்பு.

உழுவதைவிட எருப்போடுவது நல்லது, களை பிடுங்கியபின் தண்ணீர் கட்டுவதைவிடக் காவல் நல்லது. பசளை, களைநாசினி, வேலிக்கம்பி மூன்றும் விற்கிற கடைக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. "கட்டபின்" என்பதைப் பிழையென்று நினைத்து "கட்டியபின்" என்று திருத்துகிறவர்கள் உண்டு. இங்கே "கட்டல்" என்றால் களை எடுத்தல், சொல் சரியாகத்தான் இருக்கிறது.

இதேபோல் மருந்துக்கடைக்கு "மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு" என்று தொடங்கும் 942 வேண்டாம். உண்டது செமித்தது அறிந்து உண்டால் மருந்தே தேவையில்லை என்பது அது. வைத்தியர் ஒருவரின் நிலையத்துக்கு 948, "நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்", நேராகப் பொருந்தும். சாப்பாட்டுக்கடைக்காரர் "செவிக்குணவு" என்று தொடங்கும் 412ஐக் கேட்டால், அது காதுக்கு உணவு கிடைக்காத நேரத்தில் வயிற்றுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்கிற குறள், அதாவது கேள்விச் செல்வத்தின் பெருமை என்று சொல்லிக்கொடுங்கள். வாசிகசாலைத் திறப்புவிழாவுக்கு அதுவே அழகான வரி. தனியார் கல்வி நிலையங்களுக்கு "கற்க கசடற" என்ற 391ஐப் போடாத ஆளில்லை. கொஞ்சம் வேறுபட வேண்டுமென்றால் கணித வகுப்புக்கு "எண்ணென்ப ஏனை எழுத்தென்ப" என்ற 392 இருக்கிறது.

இனி அளவு. குறள் என்றால் ஏழு சீர். முதல் அடியில் நாலு, இரண்டாம் அடியில் மூன்று. இந்த 4–3 பிரிப்பை இடம் காணாது என்று மாற்றினால், குறளைத் தெரிந்த கண் உடனே தடக்கும். மூன்று வரியாக மடிக்காதீர்கள், எழுத்தைச் சின்னதாக்குங்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மேலே சொன்ன 1031இன் முதல் அடியை எண்ணிப் பாருங்கள்: எழுத்து 20, சொல்லுக்கு இடையில் வெளி 3. எட்டடி அகலப் பலகை 96 அங்குலம். இரு பக்கமும் நாலு நாலு அங்குலம் கரை விட்டால் 88. அதை 23ஆல் பிரித்தால் ஓர் எழுத்துக்கு நாலு அங்குலத்துக்கும் குறைவான அகலம்தான் கிடைக்கும். எழுத்தின் உயரம் மூன்று அங்குலத்துக்கு மேல் போகாது. பலகைத் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு, ஓர் அங்குல உயரத்துக்குப் பத்தடித் தூரம் வசதியாக வாசிக்கலாம் என்பது. ஆக இந்தக் குறள் முப்பது அடிக்குள், ஏறத்தாழ 9 மீற்றருக்குள்தான் ஒழுங்காக வாசிபடும்.

ஏ9 வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிறவர் ஒரு செக்கனில் 16.7 மீற்றர் கடந்துவிடுவார். ஒன்பது மீற்றர் அவருக்கு அரைச் செக்கன். ஏழு சீரை வாசித்து முடிக்க மூன்று, நாலு செக்கனாவது வேண்டும். வீதியோரப் பலகையில் முழுக் குறளை யாரும் வாசிப்பதில்லை என்பதற்கு இதுதான் காரணம், அக்கறையின்மை அல்ல. அங்கே "உழவே தலை" என்ற கடைசி இரண்டு சீரை மட்டும் போடுங்கள். ஐந்து எழுத்து. அதே எட்டடிப் பலகையில் ஓர் அடி உயரத்துக்குப் போடலாம், 36 மீற்றரிலிருந்து தெரியும், இரண்டு செக்கன் கிடைக்கும். மிச்சம் ஐந்து சீரையும் வாசிக்கிறவரே மனதுக்குள் சொல்லிக்கொண்டு போவார். தெரிந்த வரிக்கு அந்த வசதி உண்டு. முழுக் குறளுக்கு உரிய இடம் ஆட்கள் நின்று பார்க்கும் இடம்: கடைக்கு உள்ளே காசாளர் மேசைக்குப் பின்சுவர், பஸ் தரிப்பிடம், வைத்தியர் நிலையத்தில் காத்திருக்கும் வாங்குக்கு எதிர்ப்பக்கம்.

நிறத்திலும் ஒன்று. பிளெக்ஸில் மஞ்சளும் சிவப்பும் வெயிலுக்கு முதலில் வெளிறும். பெயர் நீலத்திலும் குறள் சிவப்பிலும் அடித்தால் சில மாதத்தில் குறள் மட்டும் மங்கிப் போயிருக்கும். வரியைக் கறுப்பில் விடுங்கள். வள்ளுவர் படத்தை இணையத்தில் இறக்கிப் பெரிதாக்குவதும் வழக்கமாகப் பிழைக்கிற இடம். நாலடி உயரப் படத்துக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தாலும் 3,456 புள்ளி உயரம் வேண்டும். 800 புள்ளிப் படத்தை நாலடிக்கு இழுத்தால் தாடியும் ஓலையும் ஒன்றாகக் கரைந்துவிடும். நல்ல படம் கிடைக்காவிட்டால் படமே வேண்டாம். எழுத்து மட்டும் நிற்கும் பலகை மரியாதையாகவே இருக்கும்.

காணி விற்கிறவர்கள் பாரதியின் "காணி நிலம் வேண்டும் பராசக்தி" என்ற வரியைக் கேட்பார்கள். இது தமிழ்நாட்டு விளம்பரங்களில் தேய்ந்துபோன வரி, இங்கே அதற்கு வேறு உயிர் இருக்கிறது. பாரதி சொன்ன காணி ஓர் அளவை, ஏறத்தாழ 1.32 ஏக்கர். இவ்வளவு நிலம், அதில் ஒரு மாளிகை, கேணியருகில் பத்துப் பன்னிரண்டு தென்னை என்று கணக்காகக் கேட்கிறான். நம்மிடம் காணி என்றாலே நிலம்தான். காணி உறுதி, காணிப் பிரச்சினை, காணி விடுவிப்பு. 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் சொந்தக் காணிக்காக இராணுவ முகாம் வாசலில் நாட்கணக்கில் இருந்த வன்னியில் "காணி நிலம் வேண்டும்" என்ற வரியை வாசிக்கிறவர், வாங்க ஆசைப்படும் காணியை மட்டும் நினைக்கமாட்டார். அந்த வரியை உறுதிப் பத்திரத்தில் சிக்கலில்லாத காணிக்கு, தென்னையும் கிணறும் உண்மையாகவே உள்ள காணிக்குப் போடுங்கள். பற்றைக்காட்டைத் துண்டுபோட்டு விற்கும் பனரில் போட்டால் ஊர் அதை வேறுமாதிரி வாசிக்கும், அப்படி வாசிப்பது நியாயமும்கூட.

அடுத்தது கலியாணக் கார்ட். சங்கப்பாட்டு இப்போது நேராக ஏட்டிலிருந்து வருவதில்லை, சினிமாப் பாட்டு வழியாகத்தான் வருகிறது. அதனால் ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. 1997இல் வந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாட்டு "அற்றைத் திங்கள்" என்ற சொல்லைக் காதலுக்கு ஆக்கிவிட்டது. கேட்டவர்கள் மூலத்தைத் தேடிப் பிடித்துக் கார்ட்டில் போடக் கேட்பார்கள். மூலம் புறநானூறு 112. பாரியின் பெண்பிள்ளைகள் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

போன மாதத்து நிலவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. இதில் ஒரு சொல்லையும் கலியாணக் கார்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வன்னியில் இதை விளக்கிச் சொல்லவும் தேவையில்லை, ஒருமுறை முழுவதும் வாசித்துக் காட்டினால் போதும், கேட்டவரே கார்ட்டைத் திருப்பித் தந்துவிடுவார். ஓராண்டு நினைவு நாளுக்குப் பிள்ளைகள் தகப்பனைப் பற்றி ஏதாவது போடக் கேட்டால், இரண்டாயிரம் வருடம் பழைய இந்த ஐந்து வரியைக் காட்டுங்கள்.

கலியாணத்துக்கு உண்மையாகவே பொருந்துவது குறுந்தொகை 40. "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே" என்று முடிகிற பாட்டு. செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணீர் மண்ணின் நிறமாகவே ஆகிவிடுவதை முதல் மழையன்று இங்கே எந்த ஒழுங்கையிலும் பார்க்கலாம், விளக்கம் வேண்டாம். ஆனால் முழுப்பாட்டையும் போடுமுன் இருபகுதியாரும் சொந்தமா என்று கேளுங்கள். பாட்டு "யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்" என்று தொடங்குகிறது. என் தாயும் உன் தாயும் யாருக்கு யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு என்கிறது. மச்சானும் மச்சாளும் செய்கிற கலியாணத்தில் தாய்மார் இருவரும் யார் என்று ஊருக்கே தெரியும். அப்படியானால் கடைசி இரண்டு அடி மட்டும். அந்நியத்தில் செய்கிற கலியாணத்துக்கு ஐந்து அடியும் போடலாம்.

நகைக்கடைக்கும் சிலப்பதிகாரத்துக்கும் உள்ள உறவில் கூடுதல் கவனம் வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் பனரைப் பார்க்கப்போகிறவர்கள். கண்ணகி அவர்களுக்குப் பாடப்புத்தகப் பாத்திரம் இல்லை, அம்மாள். சிலம்பு உடைந்து முத்துச் சிதறுவதாக ஓவியம் போட்டால் கதை தலைகீழாகிவிடும். கண்ணகியின் சிலம்புப் பரல் மாணிக்கம், பாண்டியன் தேவியின் சிலம்புப் பரல் முத்து. வழக்கே அந்த வித்தியாசத்தில்தான் தீர்ந்தது. இன்னொன்று, அந்தக் கதையில் அரசியின் சிலம்பைத் திருடிக் கோவலன் தலையில் பழியைப் போட்டவன் ஒரு பொற்கொல்லன். நகை செய்கிறவர் தன் கடைக்குச் 'சிலம்பு' என்று பெயர் வைக்கக் கேட்டால் இதைச் சொல்லிவிடுவது உங்கள் கடமை. விரும்பினால் வைக்கட்டும், தெரிந்துகொண்டு வைக்கட்டும்.

2022இலும் 2023இலும் பொன்னியின் செல்வன் படங்கள் வந்தபின் சாறி, நகை விளம்பரங்களில் குந்தவை நிறைந்துவிட்டாள். கல்கி காலமானது 1954 டிசம்பரில். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம்வரை பதிப்புரிமை இருக்கிறது. ஆகவே நாவலின் எழுத்தை இப்போது தாராளமாக எடுத்தாளலாம். படத்தின் போஸ்டர், நடிகைகளின் படம், அந்த ஆடை அலங்காரப் புகைப்படம் எதுவும் அதில் சேராது. "குந்தவை அணிந்ததுபோல்" என்று எழுதுவது ஒன்று, நடிகையின் முகத்தை வெட்டி ஒட்டுவது வேறொன்று.

அந்த 70 வருடக் கணக்கை மற்றவர்களுக்கும் போட்டுப் பாருங்கள். பாரதி 1921, தடையில்லை. பாரதிதாசன் 1964, ஆகவே 2034வரை. ஈழத்துக் கவிஞர் மஹாகவி (உருத்திரமூர்த்தி) 1971, 2041வரை. கண்ணதாசன் 1981, 2051வரை. தமிழ்நாட்டு அரசு சிலருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருப்பது அங்குள்ள ஏற்பாடு. இங்கே வணிகப் பலகைக்கு அதையே சாட்டாக வைக்காதீர்கள். குறளுக்குக் கீழே உரையும் போடக் கேட்பார்கள். குறளுக்கு உரிமைக்காரர் இல்லை, மு. வரதராசனார் உரைக்கு உண்டு, அவர் காலமானது 1974இல். பொருளை உங்கள் சொல்லில் ஒரு வரியில் எழுதுவதே நல்லது.

யார் சொன்னது என்பதிலும் பலகைகள் வழுக்குகின்றன. "தமிழன் என்று சொல்லடா தலைநிமிர்ந்து நில்லடா" பாரதியும் இல்லை, பாரதிதாசனும் இல்லை. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம்பிள்ளை. "நான்பெற்ற இன்பம் பெறுகஇவ் வையகம்" திருமூலருடையது, திருமந்திரம் 85, அதில் "யான்" இல்லை. மிக மோசமாகத் தவறுவது "மெல்லத் தமிழினிச் சாகும்". அதைப் பாரதியின் தீர்க்கதரிசனம்போல் தமிழ்த்தினப் பனர்களில் போடுகிறார்கள். பாரதியின் பாட்டில் அது ஒரு பேதை சொன்ன பேச்சு. "என்றந்தப் பேதை உரைத்தான்" என்று அடுத்து வருகிறது. தமிழ்த்தாய் அந்த வசை தனக்கு வரலாமா என்று கேட்கிறாள். மேற்கோளை அந்த அடிக்கு முன் நிறுத்தினால் பாரதியையே அந்தப் பேதையாக்கிவிடுகிறோம்.

ஊர் வரலாற்றுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். விளையாட்டுக் கழகங்கள் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் பெயரோடு ஆண்டும் திகதியும் போடக் கேட்கும். கற்சிலைமடுவில் உள்ள கல் 1803 ஒக்டோபர் 31 என்று சொல்வது பிரித்தானியப் படையின் கப்டன் வொன் ட்றிபேர்க் அவனைத் தோற்கடித்ததை. அதை இறந்த நாளாக அச்சடிக்காதீர்கள்.

பாலர் பாடசாலை, பெற்றோர் தின விழாப் பதாகைகளில் "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்று போடுவது வழக்கமாகிவிட்டது. புறநானூறு 312, பொன்முடியார் பாடியது. முதல் இரண்டு அடியை மட்டும் பார்த்தால் பிள்ளை வளர்ப்பு. அடுத்த அடியில் கொல்லன் வேல் வடிக்கிறான். கடைசி அடியில் பிள்ளை போர்க்களத்தில் யானையை எறிந்து மீள்வது அவன் கடன் என்று முடிகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயிலடியில் இருந்து தொடங்கிய போராட்டம் நடந்த பட்டினம் கிளிநொச்சி. அந்த ஊரில் முன்பள்ளி வாசலில் இந்தப் பாட்டைத் தொங்கவிடாதீர்கள். பாட்டில் குற்றமில்லை. வாசிக்கிற தாய்க்கு முழுப்பாட்டும் தெரிந்திருக்கலாம். "தம்மின்தம் மக்கள் அறிவுடைமை" என்ற குறள் 68 அதே இடத்துக்குப் போதும்.

இனிக் கல்வெட்டு. இலக்கியம் இன்றைக்கும் வீடுவீடாக அச்சாகிப் போகிற ஒரே வழி இதுதான் என்று சொன்னால் மிகையில்லை. இதற்குத்தான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டும். முப்பத்தோராம் நாளுக்கு வேண்டுமென்றால் இருபத்தைந்தாம் நாளுக்குள் எழுத்து வேலை முடிந்திருக்க வேண்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் ஆகையால் பக்கம் நாலின் மடங்காக வரவேண்டும்: 16, 20, 24. வாழ்க்கைக் குறிப்பு நீண்டு 17 பக்கம் ஆனால் 20ஆகத்தான் அடிக்க வேண்டும், மிச்ச மூன்றுக்கும் சிவபுராணம் கைகொடுக்கும். பஞ்சபுராணத்தில் ஒழுங்கு மாறக்கூடாது: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். முகப்பில் "வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன்" என்ற குறள் 50ஐப் பெண்ணுக்குப் போடும்போது "வாழ்பவள்" என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்றினால் அது குறள் அல்ல. அப்படியே விடுங்கள், அல்லது வேறு வரி எடுங்கள். கிறிஸ்தவ வீடென்றால் எந்தச் சபை என்று கேட்காமல் வசனம் போடாதீர்கள். 23ஆம் சங்கீதம் ஒரு மொழிபெயர்ப்பில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", கத்தோலிக்கர் வாசிப்பதில் "ஆண்டவரே என் ஆயர்".

கல்வெட்டின் நெஞ்சு திதி வெண்பா. ஆண்டு, மாதம், பட்சம், திதி நாலும் அதற்குள் வரவேண்டும், வருடாவருடம் திவசத்துக்கு நாள் பார்க்க வீட்டார் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். வாக்கியமா திருக்கணிதமா எந்தப் பஞ்சாங்கம் என்று முதலில் கேளுங்கள். திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடும், சாவு அந்த இடைவெளியில் நடந்திருந்தால் திதியே மாறிவிடும். ஒரு மாதிரி கீழே:

ஆண்டு குரோதியில் ஆவணித் திங்களில்
பூண்ட வளர்பிறைப் பஞ்சமியில் – ஈண்டிருந்து
சென்றடைந்தாள் ஈசன் திருவடியை அன்னவள்சொல்
என்றும் நமக்குத் துணை.

இதில் பெயர் வரவேண்டுமென்றால் "அன்னவள்சொல்" இருக்கும் இடத்தில் "தங்கம்மா" என்று போடலாம், தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் ஒழுங்கு) தட்டாது. முன்சீர் "திருவடியை" காய்ச்சீர் (நேரசையில் முடியும் மூவசைச் சீர்), அதற்கு அடுத்து நேரசையில் (தனிக்குறிலோ நெடிலோ உள்ள அசை) தொடங்கும் சீர் வரவேண்டும். "தங்கம்மா" மூன்றும் நேர். அதே இடத்தில் "மகேஸ்வரி" என்று போட்டால் நிரையில் (குறிலுக்குப் பின் இன்னொரு குறிலோ நெடிலோ வரும் அசை) தொடங்கித் தளை முறியும், அடியையே வேறாகக் கட்ட வேண்டும். பழைய வெண்பாவில் பெயரை மட்டும் மாற்றி அடிக்கிற பழக்கம் ஏன் கெடுக்கிறது என்பது இதுதான். ஆண்டின் பெயரிலும் இடறும். "விசுவாவசு" ஒரே சீராக நின்றால் கனிச்சீர் (நிரையசையில் முடியும் மூவசைச் சீர்), வெண்பாவுக்குள் வராது. "ஆண்டு விசுவா வசுவினில் ஆவணி" என்று பிரித்து எழுதினால் நிற்கும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு நாலில் ஒன்றின் வாய்பாட்டில் முடிய வேண்டும். மேலே "துணை" மலர். இவ்வளவும் கைவராவிட்டால் வெண்பா என்று தலைப்புப் போடாதீர்கள். "திதி" என்று போட்டு வசனமாக எழுதுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. நாள் சரியாக இருப்பதுதான் முக்கியம்.

எழுத்துரு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவருவார்கள், நீங்கள் யூனிகோட்டுக்கு மாற்றுவீர்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது "இ". ஆங்கில எழுத்துருவில் அடித்த காற்புள்ளி எல்லாம் மாற்றும்போது "இ" ஆகி, "கிளிநொச்சிஇ ஏ9 வீதி" என்று நிற்கும். மாற்றியவுடன் சொல்லின் கடைசியில் ஒட்டிய "இ"யைத் தேடிக் களையுங்கள். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ் ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' தெரிவைப் போட்டுவிட்டுப் புதிய எழுத்துப் பெட்டியில் மறுபடி ஒட்டுங்கள். பழைய பெட்டி சிலவேளை அப்படியே உடைந்து நிற்கும்.

மூலத்தைச் சரிபார்க்க மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பும், நம்மவர் எழுத்துக்கு நூலகம் மின்னூலகமும் கையில் இருக்கட்டும். முகநூல் படத்திலிருந்து குறளைப் பார்த்து எழுதாதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு சொற்பிரிப்பு மாறும், "சுழன்றும்ஏர்ப்" என்றும் இருக்கும், "சுழன்றுமேர்ப்" என்றும் இருக்கும். ஒரே பலகையில் இரண்டையும் கலக்காமல் ஒரு பதிப்பைப் பின்பற்றினால் சரி. அச்சுக்கு அனுப்புமுன் ஏ4 தாளில் எடுத்து, தமிழ் படிப்பித்த ஒருவரிடமோ கோயிலில் புராணம் படிக்கிற ஒருவரிடமோ கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கண் விட்ட பிழையை நாக்குப் பிடிக்கும். அவர் எந்த இடத்தில் நிறுத்தி முகத்தை நிமிர்த்துகிறாரோ அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.